அரசன் சொன்னது வயலுக்கு வந்து சேரும் வரை: ஒரு சோழர் உத்தரவின் வழித்தடம்

முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாளில், அதாவது 1006 வாக்கில், தஞ்சாவூர் அரண்மனையில் ஓர் உத்தரவை வாயால் சொன்னான். நாகப்பட்டினத்தில் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் போய்ச் சேரவேண்டும். 96ஆம் நாளில் அது எழுத்தில் ஏறியது. நிலத்தில் அது நடைமுறைக்கு வந்த கட்டத்தில் 23ஆம் ஆண்டு, 163ஆம் நாள் என்ற தேதி வருகிறது. இடையில் ஓடியது இரண்டு ஆண்டும் 71 நாளும். லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளே இந்தத் தேதிகளைத் தருகின்றன.

தஞ்சையிலிருந்து நாகை ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். ஓலை கொண்டு செல்பவர் நாலு நாளில் நடந்து போய்விடுவார். ஆகவே தாமதத்துக்குத் தூரம் காரணமல்ல. பேரரசை ஆள்வதில் உள்ள உண்மையான சிக்கல் இங்கேதான் தெரிகிறது: ஒரு சொல்லை யாராலும் மறுக்க முடியாத, யாராலும் திரிக்க முடியாத நிலவுரிமையாக மாற்றுவதற்குப் பல கைகள் தேவை.

அந்தக் கைகளைப் பார்ப்போம். அரசன் திருவாய்மொழிந்ததை உடனிருந்து எழுதிக்கொள்பவர் திருமந்திர ஓலை. எழுதியது சரிதானா என்று ஒப்பிட்டுக் கையெழுத்திடுபவர்கள் திருமந்திர ஓலைநாயகங்கள். இவர்கள் ஒருவர் அல்ல, பலர். பிறகு ஓலை புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். இது வரித்துறை. அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி, வரிப்பொத்தகக் கணக்கு, வரியிலிடு, பட்டோலை என்று தனித்தனிப் பொறுப்பாளர்கள் உண்டு. இவர்கள் முன்னிலையில் பழைய பதிவு மாற்றப்பட்டுப் புதியது வரியில் இடப்படும். செப்பேடுகள் இவர்களைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகின்றன. பின்னால் பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பது அந்த ஏட்டிலேயே இருக்கிறது என்பதுதான் இதன் பயன்.

இதற்குள் அளவுக் கணக்கும் முடிந்திருக்க வேண்டும். ஆனைமங்கலத்தில் சுமார் 97 வேலி (வேலி ஒரு நில அளவு) நிலத்துக்கு 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 3 நாழி நெல் என்று குறித்திருக்கிறார்கள். ஒரு கலம் 3 தூணி, ஒரு தூணி 4 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. ஆக, கலத்துக்கு 96 நாழி. ஒன்பதாயிரம் கலத்தை எட்டும் கணக்கில் மூன்று நாழியையும் விடவில்லை. வகுத்துப் பார்த்தால் வேலிக்கு ஏறக்குறைய 92 கலம் வருகிறது.

இத்தகைய துல்லியம் தவறக்கூடிய இடம் அளவுகோல். ஒரு குழி என்பது கோலின் நீளத்தைச் சதுரமாக்கிய பரப்பு. கல்வெட்டுகளில் 12 சாண் கோலும் வருகிறது, 16 சாண் கோலும் வருகிறது. இரண்டின் குழிகளையும் ஒப்பிட்டால் 144க்கு 256, அதாவது முக்கால் மடங்குக்கு மேல் கூடுதல். எந்தக் கோல் என்று எழுதாத நிலக்கணக்கு சண்டைக்குத்தான் வழி. நெல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் ராஜகேசரி, ஆடவல்லான் என்று மரக்காலுக்கு, அதாவது நெல் அளக்கும் படிக்கு, பெயரிட்டு, எதனால் அளந்தது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். 1001 வாக்கில் ராஜராஜன் நாடு முழுவதும் நிலம் அளக்கச் செய்ததை அவனுடைய படையெடுப்புகளுக்கு நிகரான சாதனையாகவே கருத வேண்டும்.

அடுத்த கட்டம் ஊரில் நடக்கும். நாட்டார் என்பவர்கள் பல ஊர்கள் சேர்ந்த நாட்டின் சபையினர். அவர்களுக்கு வரும் ஓலைக்குத் திருமுகம் என்று பெயர். அவர்கள் எதிர்கொண்டு சென்று தொழுது, தலைமேல் வைத்து வாங்குவார்கள். பிறகு பெண் யானையை நடக்கவிட்டு, ஊர் எல்லையை அதன் பின்னாலேயே சுற்றி வருவார்கள். பிடி சூழ்தல் என்பது இதுதான். கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள். வாய்க்கால், மேடு, குளம் என்று எல்லை ஒவ்வொன்றையும் விவரித்து அறவோலை எழுதுவார்கள். “உடும்போடி ஆமை தவழ்ந்த” நிலம் எல்லாம் என்று காடும் நீரும் உட்பட உரிமை சொல்லப்படும். யானை நடந்ததை அண்டை ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். படிக்கத் தெரியாதவரும் இதற்குச் சாட்சி.

சென்னைக்காரர்கள் இதைக் காண வெகுதூரம் போக வேண்டாம். அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் திருவாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைக் கொடுத்த செப்பேடுகள் முதலாம் ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. 31 ஏடுகள் கொண்ட அந்தத் தொகுதியிலும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

ஊருக்குள் கணக்கு எப்படி நேராக இருந்தது என்பதற்கு 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். அந்தப் பிராமணச் சபையில் 30 குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள். வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. சொத்தும் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே திறந்த வாசல் அது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் ஏரி வாரியம் வேலை செய்ய, தலைநகரிலிருந்து ஒருவர் வரவேண்டிய தேவை இல்லை.

தலைநகரிலிருந்து விலகிய பகுதிகளுக்கு இந்த முறை போதவில்லை. மதுரையில் ராஜேந்திரன் தன் மகனையே சோழபாண்டியன் என்ற பட்டத்துடன் அமர்த்தினான். ஆந்திரக் கடலோர அரசான வேங்கியை மண உறவால் பிணைத்தார்கள்.

பிற்காலத்தில் முறிந்தது நாட்டார் என்ற நடுக்கண்ணி. 12ஆம் நூற்றாண்டில் காடவராயர், சம்புவராயர் போன்ற குறுநிலத் தலைவர்கள் காவல் உரிமையையும் அதற்கான வரியையும் தங்கள் கையில் எடுத்தார்கள். சோழ மன்னனின் ஆட்சியாண்டைக் கல்வெட்டில் எழுதியபடியே வருவாயைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். எழுத்தில் அரசு அப்படியே இருந்தது, நெல் மட்டும் வந்து சேரவில்லை. 1231 வாக்கில் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். அவனை மீட்க ஹொய்சாள மன்னன் இரண்டாம் நரசிம்மனின் படை வரவேண்டியிருந்தது.