உணவு வங்கியும் அன்னதானக் கூடமும் ஒன்றல்ல

அமெரிக்க உணவு வங்கி பற்றிய செய்தி தமிழுக்கு வந்தால் போதும், அது 'அன்னதானக் கூடம்' ஆகிவிடுகிறது. ஏழைக்குச் சோறு கிடைக்கிறதே, அப்புறம் என்ன என்ற நினைப்பு. அது மிஞ்சிய உணவுப் பொருளைச் சேர்த்துப் பிரித்தனுப்பும் கிடங்கு, அங்கே அடுப்பே கிடையாது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

சொல்லின் கதை சிறியது. 1967இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் புனித மேரி உணவு வங்கியைத் தொடங்கினார். மிஞ்சியதைப் போட்டுவைக்கவும் இல்லாதவர் எடுத்துக்கொள்ளவும் வங்கி மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று ஒரு தாய் அவரிடம் சொன்னாராம். காசில்லாத வங்கி அப்போதே புதிதல்ல. 'இரத்த வங்கி' என்ற பெயர் 1937இலேயே சிகாகோவில் வந்துவிட்டது. பின்னால் உருவான உணவு வங்கிகளின் தேசியக் கூட்டமைப்பு 2008 முதல் 'ஃபீடிங் அமெரிக்கா' எனப்படுகிறது. அதில் சுமார் 200 வட்டார வங்கிகள் உண்டு.

அன்னம் என்றால் சமைத்த சோறு. தானம் என்றால் கொடுப்பவர் கை, வாங்குபவர் கை இரண்டும் நேருக்கு நேர். வட்டார உணவு வங்கியில் இரண்டுமே இல்லை. லாரியில் பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) பேலட்டாகச் சரக்கு வரும்; எடை போட்டு, தரம் பிரித்து அடுக்குவார்கள். தகர டப்பாவின் வயிற்றில் லேசான நசுங்கல் பரவாயில்லை. மேல், கீழ் விளிம்பு மூட்டில் நசுங்கியிருந்தால் கழிவுதான். மூட்டு விட்ட இடத்தில் கிருமி புகும். உப்பிய டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கக் கூடாது. உறைந்த இறைச்சி மைனஸ் 18 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும். வந்த வரிசையில் அனுப்பினால் பின்னால் வந்த குறுகிய தேதிச் சரக்கு அலமாரியிலேயே கெடும். இங்கிருந்து தேவாலயங்கள், தொண்டு அமைப்புகள், சமையற்கூடங்கள் எடுத்துப்போய் மக்களுக்குக் கொடுக்கும். அன்னதானக் கூடம் என்று படித்துவிட்டுப் பசியோடு போகிறவர் சரக்குக் கிடங்கின் வாசலில்தான் நிற்பார். மொழிபெயர்ப்பாளருக்கு இது பொருட்டில்லை. அகராதியைப் புரட்டக்கூட நேரமில்லாதவர்கள் 'மனிதநேயம்' என்று தலைப்பில் சேர்க்க மட்டும் மறப்பதில்லை.

'உணவுக் களஞ்சியம்' நல்ல தமிழ். ஆனால் களஞ்சியம் தன் விளைச்சலைத் தான் சேர்த்துவைக்கும் இடம். இங்கோ அடுத்தவர் மிச்சம், அதுவும் தங்காமல் ஓட வேண்டியது. 'உணவு வைப்பகம்' தூய தமிழுக்குப் பொருந்தும், காதுக்குப் பொருந்தாது; அதைக் கேட்பவருக்கு முதலில் 'வங்கி'யைச் சொல்லித்தான் விளக்க வேண்டும். இரத்த வங்கியை ஏற்ற வாய்க்கு உணவு வங்கி உறுத்தாது. அதையே வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வாங்கி மக்களுக்குக் கொடுக்கும் சிறு இடத்தை 'உணவு வழங்குமிடம்' என்றால் குழப்பம் தீரும்.

பிரிட்டன் செய்தி என்றால் மட்டும் எச்சரிக்கை. அங்கே மக்கள் நேரில் போய்ப் பொதி வாங்கும் இடத்துக்கே 'உணவு வங்கி' என்று பெயர். பெரும்பாலும் பரிந்துரைச் சீட்டு காட்டி மூன்று நாள் உணவு வாங்குவார்கள். அதை 'உணவு வழங்குமிடம்' என்றே எழுத வேண்டும், மூலத்தில் வங்கி என்று இருந்தாலும்.