வாக்கு சதவீதம் வேறு, வாக்களிப்பு வீதம் வேறு

"கருக்கலைப்புத் தீர்ப்பு எதிரொலி: அமெரிக்காவில் வாக்கு சதவீதம் எகிறியது." 2022-லிருந்து இந்த மாதிரி வாக்கியங்களைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. யாருடைய வாக்கு சதவீதம் ஐயா எகிறியது? தமிழில் வாக்கு சதவீதம் என்றால் ஒரு கட்சியோ வேட்பாளரோ வாங்கிய பங்கு. "எட்டு சதவீதம் வாங்கிட்டாங்க, இனி கட்சிக்கு அங்கீகாரம்தான்" என்று டீக்கடையில் பேசுகிறோமே, அதுதான் வாக்கு சதவீதம். ஆங்கிலக்காரர்கள் டர்ன்அவுட் என்று சொல்வது, போடலாம் என்றிருந்தவர்களில் எத்தனை பேர் போட்டார்கள் என்ற கணக்கு.

டர்ன்அவுட் என்பதன் பிறப்பு எளியது. வெளியே கிளம்பி வருதல், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறுவதற்கும், அதாவது வேலைநிறுத்தத்துக்கும், இங்கிலாந்தில் இதே சொல் இருந்தது. கூட்டம் திரள்வதற்கும் ஆகி, தேர்தலுக்கும் வந்துவிட்டது. நம் 'வாக்கு' வடமொழி வழியாக வந்தது, பேச்சு என்று பொருள். 'ஓட்டு' ஆங்கில வோட்டிலிருந்து வந்தது. தூய்மைச் சண்டையை இங்கே நான் போடப் போவதில்லை, சொல் தெளிவாக இருந்தால் எனக்குப் போதும்.

தெளிவில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலமே சாட்சி. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2019-இல், மாநில அரசமைப்பே கருக்கலைப்பு உரிமையைக் காக்கிறது என்று தீர்ப்பளித்தது. அதைச் செல்லாமல் ஆக்க ஓர் அரசமைப்புத் திருத்தம் கொண்டுவந்து, கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும், கூட்டம் குறைவாக வரும் ஆகஸ்ட் முதல்நிலைத் தேர்தலோடு சேர்த்து வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நடுவில், 2022 ஜூன் 24 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. ஆகஸ்ட் 2 அன்று கான்சாஸில் பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாக்களித்தார்கள். 2018-இல் அதே ஆகஸ்ட் தேர்தலில் கால்பங்கைச் சற்றுத் தாண்டியதோடு சரி. எந்தக் கட்சியிலும் சேராதவர்களுக்கு அந்தத் தேர்தலில் வழக்கமாக அதிக வேலை இருக்காது, அவர்களும் இந்த ஒரு கேள்விக்காகவே வந்தார்கள். திருத்தம் தோற்றது, எதிராக விழுந்தவை சுமார் 59 சதவீதம். இப்போது "கான்சாஸில் வாக்கு சதவீதம் 59" என்று எழுதினால் வாசகர் எதை எடுத்துக்கொள்வார்? வாக்களித்தவர்கள் 59 சதவீதம் என்றுதான்.

சிலர் இதற்கு மாற்றாக 'வாக்காளர் வருகை' என்று ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, தமிழ்போலவும் இருக்கிறது, ஆனால் ஆங்கிலச் சொல்லின் தோலை மட்டும் உரித்து ஒட்டியது. ஆரிகன், வாஷிங்டன், கொலராடோ மாநிலங்களில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பி, கையெழுத்துப் போட்டு உறையை அனுப்பிவிட்டால் முடிந்தது. எங்கே வந்தார் அவர்? தபால்காரர்தான் வந்தார். 'வாக்காளர் திரள்வு' இன்னும் மோசம், மாநாட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றியது போல ஒலிக்கிறது.

சரி, நம் தேர்தல் செய்திகளில் வழக்கமாக வரும் 'வாக்குப்பதிவு' போதாதா? நம் ஊர்த் தேர்தலுக்குப் போதும். அமெரிக்கச் செய்திக்கு அது காலை வாரும். அங்கே பல மாநிலங்களில் வாக்காளர் தாமே போய்ப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். டாப்ஸுக்குப் பிறகு கான்சாஸில் புதிதாகப் பதிந்தவர்களில் பெண்களே பெரும்பான்மை. அது வாக்காளர் பதிவு, மற்றது வாக்குப்பதிவு. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் மொழிபெயர்ப்பவரே தடுமாறுகிறார், "பெண்களின் வாக்குப்பதிவு கூடியது" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பெயர் பதிந்தது ஜூன், ஜூலையில், வாக்களித்தது ஆகஸ்டில்.

ஆகவே என் தேர்வு, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதிவரும் 'வாக்களிப்பு வீதம்'. வாக்களித்தல் என்ற செயலைச் சொல்கிறது, வீதம் என்பதால் கணக்கு என்றும் தெரிகிறது, 'பதிவு' கிடையாது, யாரும் எங்கேயும் வரவேண்டியதும் இல்லை. விழுக்காடு வேண்டுவோர் எண்ணுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எழுதினால் செய்தியே திருந்தும். ஒஹாயோவில் 2022 ஆகஸ்ட் தேர்தலில் வாக்களிப்பு வீதம், பதிவு செய்தவர்களில் 8 சதவீதம் அளவில்தான். அடுத்த ஆகஸ்டில், இனி அரசமைப்பைத் திருத்த 60 சதவீத ஆதரவு வேண்டும் என்ற முன்மொழிவு வந்தது. நவம்பரில் வரவிருந்த கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்தைத் தடுக்கத்தான் அது என்று ஊருக்கே தெரியும். வீதம் 38-ஐத் தாண்டியது, முன்மொழிவு மண்ணைக் கவ்வியது. ஆனால் "தீர்ப்பால் அமெரிக்கா முழுக்க வீதம் கூடியது" என்று எழுதிவிடாதீர்கள். 2022 நவம்பரில் தகுதியுள்ளோரில் சுமார் 46 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள், 2018-இல் 50. கருக்கலைப்பே கேள்வியாக வாக்குச்சீட்டில் இருந்த மிச்சிகனிலோ இடைக்காலத் தேர்தலுக்கு, அதாவது அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தலுக்கு, அது சாதனை அளவு. 2024-இல் புளோரிடாவில் உரிமைத் திருத்தத்துக்கு 57 சதவீத ஆதரவு கிடைத்தும் தோற்றது, அங்கே 60 வேண்டும். அந்த 57 வாக்கு சதவீதம்தான், தாராளமாக எழுதலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. 'கருச்சிதைவுத் தடைச் சட்டம்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். கருச்சிதைவு தானாக நேர்வது, அதை எந்தச் சட்டமன்றம் தடுக்கும்? செய்வது கருக்கலைப்பு.

அப்புறம், வாக்களிப்பு வீதம் என்று எழுதும்போது யாரில் இத்தனை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: பதிவு செய்தவர்களிலா, தகுதியுள்ளவர்களிலா? கான்சாஸின் பாதி முதல் வகை, 2022 நவம்பரின் 46 இரண்டாம் வகை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான். நார்த் டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. அங்கே 'பதிவு செய்தவர்களில்' என்று எழுதினால் சிரிப்பார்கள்.