மெல்லிய பாடித் தகட்டில் வெல்டிங் வைக்க எந்த கேஸ்?

கார் கதவு, ஃபெண்டர் தகடெல்லாம் பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. தடிமன்தான். அதில் பேட்ச் வைக்கும்போது ஓட்டை விழுந்தால் டிங்கரிங் பட்டறையில் முதலில் திட்டு வாங்குவது மெஷின், அடுத்தது வெல்டர். சிலிண்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒயர் தானாக வந்து உருக, கேஸ் அதைக் காற்று படாமல் காக்கும் மிக் வெல்டிங்குக்கு நம் பட்டறைகளில் பெயரே சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) வெல்டிங் என்பதால், அந்த சிலிண்டர் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று இருந்துவிடுகிறோம். இரும்பு கேட்டுக்கு அது தாராளமாகப் போதும், விலையும் குறைவு. மெல்லிய தகட்டில்தான் வம்பு. ஆர்க் நிற்கக் கூடுதல் வோல்ட் கேட்கும், சூடு ஆழமாக இறங்கும், பொறி நாலாபக்கமும் தெறிக்கும். பக்கத்துக் கண்ணாடியை மூடாமல் வெல்டிங் வைத்த வண்டியைக் கழுவிய பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள், நறநறவென்று நெருடும். பொறி கண்ணாடியைச் சுட்டு உள்ளே பதிந்துவிட்டது. இனி பாலிஷ் போட்டும் பயனில்லை.

என் தேர்வு 80% ஆர்கான், 20% சிஓ2 மிக்ஸ். 75-25 கிடைத்தாலும் சரி. விலை அதிகம்தான். ஆனால் சிஓ2-வில் மிச்சம் பிடித்த காசு கிரைண்டர் டிஸ்க்கிலும் பட்டியிலும் போய்விடுகிறது. புடைத்த வெல்டிங் தையலைத் தேய்க்கும்போது பக்கத்துத் தகடும் தேய்ந்து மெலிகிறது. அந்தச் சூட்டில் பேனல் நெளிவது தனி.

கை பழகியவர் வெறும் சிஓ2-விலும் ஒப்பேற்றிவிடுவார், மறுக்கவில்லை. எந்த கேஸானாலும் 0.6 ஒயர் போட்டு, ஒரே இடத்தில் இழுக்காமல் தள்ளித் தள்ளி டேக் (சின்னச் சின்னப் பொட்டாக வெல்டிங்) வைக்க வேண்டும். மிக்ஸுக்கு மாறினால் பழைய செட்டிங்கையே வைக்காமல் ஒன்றிரண்டு வோல்ட் குறைத்துப் பாருங்கள். சுத்த ஆர்கான் அலுமினியத்துக்கும் சிலிக்கான் வெண்கல (bronze) ஒயருக்கும். இரும்புத் தகட்டில் தையல் பிடிக்காமல் மேலேயே குவிந்து நிற்கும்.

கேஸ் ஓட்டம் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். தையலில் ஊசித்துளை தெரிந்தால் கேஸைக் கூட்டுவதற்கு முன் மின்விசிறியை அணையுங்கள். ஓட்டம் அதிகமானால் அதுவே சுழன்று காற்றை உள்ளே இழுக்கும்.

சிஓ2 ரெகுலேட்டரை (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து விடும் கருவி) அடாப்டர் வைத்து மிக்ஸ் சிலிண்டரில் மாட்டவே கூடாது. சிஓ2 உள்ளே திரவமாக 60, 70 பார் அழுத்தத்தில் இருக்கும். மிக்ஸ் 150 பாரைத் தாண்டும்.

அப்புறம், இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. ஹோஸ் கசிந்தால் வண்டிக்கு அடியில் உள்ள குழியில் தேங்கும். உள்ளே இறங்குகிறவருக்கு மூச்சு முட்டும், ஆர்கானுக்கு வாசனையும் கிடையாது. இரவு ரெகுலேட்டரை மட்டும் திருகிவிட்டுப் போகாமல் சிலிண்டர் வால்வையே மூடுங்கள்.