செட் சூடான பிறகு பயாஸைப் பாருங்கள்

சித்திரை பிறந்தால் மதுரையில் என் பட்டறைக்கு எரிந்த ஆம்ப்ளிஃபயர்கள் வரத் தொடங்கிவிடும். போன வருடம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு மைக்செட்காரர் வந்தார். "மார்கழியில அவுட்புட் மாத்துனதுண்ணே. தை, மாசியில நல்லாத்தேன் பாடுச்சு. திருவிழா அன்னைக்கு மத்தியானம் புகை வந்துருச்சு" என்றார்.

திறந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களான 5200, 1943 ஜோடி அத்தனையும் ஷார்ட். அவுட்புட்டைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும் வோல்டேஜ்தான் பயாஸ். முன்பு வேலை பார்த்தவர் அதைக் கட்டுப்படுத்தும் பயாஸ் டிரான்சிஸ்டரை, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் முடுக்காமல் அந்தரத்தில் விட்டிருந்தார்.

அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் தாங்குகின்றன. கைமாறும் இடத்தில் இடைவெளி விழுந்தால் சத்தம் குறைவாக வைக்கும்போது குரல் கரகரக்கும். அதனால்தான் பாட்டு இல்லாதபோதும் பயாஸ் கொடுத்துக் கொஞ்சம் கரண்ட் ஓடவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. காலையில் 30 டிகிரியில் பயாஸ் வைக்கிறோம். மத்தியானம் தகரக் கொட்டகையில் ஹீட்சிங்க் 70 டிகிரிக்குப் போகிறது. டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் கால்களுக்கு நடுவே உள்ள ஒரு ஜங்ஷனுக்கு 80 மில்லிவோல்ட் குறைகிறது. அவுட்புட்டை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரும் அவுட்புட்டும் ஒரே ஹீட்சிங்க்கில் என்றால், மேலும் கீழுமாக நான்கு ஜங்ஷனுக்கு 320. அந்த அளவு பயாஸ் இறங்காவிட்டால் கரண்ட் ஏறும். ஏறிய கரண்ட் இன்னும் சூடாக்கும். சூடு மறுபடி கரண்டை ஏற்றும்.

பயாஸ் டிரான்சிஸ்டர் தன் 0.6 வோல்ட்டை நான்கு மடங்காக்கித் தருவது. அதையும் அதே சூட்டில் வைத்தால் அதுவும் 320 இறக்கிக்கொடுக்கும். அந்த இடத்தில் பிடி139 டிரான்சிஸ்டர் போட்டால், ஹீட்சிங்க்குக்கு நடுவே கரண்ட் கடத்தாத மைக்காத் தாள் அவசியம். டிரான்சிஸ்டரின் முதுகுத் தகடு அதன் கலெக்டர் காலோடு சேர்ந்தது.

பயாஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு ரெசிஸ்டரான பிரீசெட்டைக் குறைந்த பயாஸில் வைத்து, ஸ்பீக்கரைக் கழற்றி, இன்புட்டை ஷார்ட் செய்து, மெயின் லைனில் தொடராகப் போட்ட 100 வாட் சீரிஸ் பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட் கொடுக்கவேண்டும். பல்பு பிரகாசமாக எரிந்தபடியே இருந்தால் உடனே நிறுத்துங்கள். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே அளக்கலாம். 0.22 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 45 மில்லியாம்ப். கோயில் மைக்செட்டுக்குத் தாராளம். அத்தோடு மூடிவிடாதீர்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு, சூட்டிலேயே மறுபடி அளந்து திருத்துங்கள்.

பிரீசெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். பயாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இருந்தால், தூசியில் தொடர்பு விட்ட நொடியில் பயாஸ் உச்சத்துக்குப் போய்விடும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருந்தால் விட்டாலும் பயாஸ் இறங்கத்தான் செய்யும். குரல் கரகரக்கும், செட் பிழைக்கும். மேலூர் செட்டில் அப்படித்தான் மாற்றினேன். உச்சிவெயிலில் மொட்டைமாடியில் இரண்டு மணி நேரம் பாடவிட்டு, நிறுத்தி அளந்தபோது மீட்டர் 12 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. அதன்பிறகே வண்டியில் ஏற்றச் சொன்னேன்.