11 மாதம் தள்ளிப்போகும் தடுப்பூசி

சென்னையில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தடுப்பூசி அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி என்று அதில் போட்டிருக்கும். ஆனால் 8-ஆம் மாதத்தில் காவசாகி நோய் (குழந்தைகளின் ரத்தக்குழாய்களைத் தாக்கும் காய்ச்சல் நோய்) வந்து, அந்தக் குழந்தைக்கு ஐவிஐஜி என்ற மருந்தை ட்ரிப்ஸாக ஏற்றியிருந்தால், தட்டம்மை ஊசியை வழக்கமாக ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிவைப்பார்கள். "காய்ச்சல்தான் போயிடுச்சே டாக்டர், அப்புறம் ஏன்?" என்று அம்மா கேட்பது நியாயம்தான்.

ஐவிஐஜி பாட்டிலில் இருப்பது, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை) ஒன்றுசேர்த்துப் பிரித்தெடுத்த ஆன்டிபாடிகள், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதங்கள். பிளாஸ்மா கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தட்டம்மை வந்தோ ஊசி போட்டோ எதிர்ப்பு பெற்றவர்கள். அந்த எதிர்ப்பு இப்போது குழந்தையின் ரத்தத்தில் இரவலாக ஓடுகிறது. தட்டம்மை ஊசியில் இருப்பதோ வலுவிழந்த, உயிருள்ள வைரஸ். அது உடம்பில் கொஞ்சமாவது பெருகினால்தான் குழந்தையின் உடல் சொந்தமாக ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்ளும். இரவல் ஆன்டிபாடிகள் அதற்குள் வைரஸை முடக்கிவிடும். ஊசியால் கெடுதல் வராது, பலனும் வராது. அட்டையில் டிக் இருக்கும், உடம்பில் எதிர்ப்பு இருக்காது. என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

இந்த ஆன்டிபாடி பாதியாகக் குறையவே சுமார் 3 வாரம் ஆகும். காவசாகிக்குக் கொடுப்பது கிலோவுக்கு 2 கிராம், பெரிய டோஸ். அதனால்தான் இத்தனை மாதம். போலியோ சொட்டு மருந்தையும் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியையும் இதற்காகத் தள்ள வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் தட்டம்மை பரவினால், டாக்டர் முன்கூட்டியே தட்டம்மை ஊசி போட்டு, அந்தக் கெடு முடிந்ததும் மறுபடியும் போடச் சொல்லலாம்.

பெரியவர்களிடம் சிக்கல் வேறு. சில ஐவிஐஜி பிராண்டுகளில் மால்டோஸ் என்ற சர்க்கரை கலந்திருக்கும். சில வகை சுகர் மெஷின் ஸ்ட்ரிப்கள் அதையும் குளுக்கோஸ் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வீட்டுக்கு வீடு சுகர் மெஷின் இருக்கும் ஊரில், மால்டோஸ் இருக்கிறதா என்று நர்ஸம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால், மால்டோஸால் ஏமாறாத ஸ்ட்ரிப்பிலோ லேபிலோதான் சுகர் பார்க்க வேண்டும்.

சுக்ரோஸ் சேர்த்த வகைகள் சிறுநீரகத்துக்குச் சுமை. ஏற்கெனவே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) கூடியவர்களுக்கும், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் அந்தச் சுமை இன்னும் கூடும். ட்ரிப்ஸை மெதுவாக ஏற்றுவார்கள், உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனை. ஐவிஐஜி ஏறிய சில வாரங்களுக்கு, ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் என்று வரலாம். நோயாளிக்கு அந்த நோயே இருக்காது. பிளாஸ்மா கொடுத்த யாரோ ஒருவரின் பழைய ஆன்டிபாடி அது. அதனால் இந்த டெஸ்ட்டுக்கான ரத்தத்தை, பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே எடுத்துவிடுவது நல்லது.