காற்று அடங்கிய இரவில் பிசகும் கார்பன் கணக்கு

காட்டுக்கும் காற்றுக்கும் இடையே கார்பன் போய்வருவதை அளக்கும் கோபுரத்தின் தரவை இறக்கியதும் அப்படியே சூழல் மாதிரிக்குள் (காட்டின் கார்பன் வரவுசெலவைக் கணிக்கும் கணினி மாதிரி) ஊட்டிவிடுபவர்கள் உண்டு. கோப்பில் எந்த நெடுவரிசை அளந்தது, எது கணக்கிட்டது என்று முதலில் பாருங்கள்.

கோபுர உச்சியில் ஒலியலைக் காற்றுமானியும் அகச்சிவப்பு வாயு அளவியும் வினாடிக்கு 10 அல்லது 20 முறை பதிகின்றன. செங்குத்துக் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஏறி இறங்குவதை 30 நிமிடச் சராசரியாக்கினால் நிகரப் பரிமாற்றம், அதாவது காடு உறிஞ்சியதற்கும் வெளிவிட்டதற்கும் உள்ள வித்தியாசம், கிடைக்கும். அளவீடு இவ்வளவுதான். 'மொத்த ஒளிச்சேர்க்கை' எந்தக் கருவியும் அளக்காதது. பெரும்பாலும் இரவுச் சுவாசத்தை (மண்ணும் மரமும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை) வெப்பநிலையோடு பொருத்தி, பகலுக்கு நீட்டி, அதோடு நிகர உறிஞ்சலைக் கூட்டிப் பெறுகிறார்கள். உங்கள் மாதிரியிலும் அதே வெப்பநிலைச் சூத்திரம் இருந்தால் பொருத்தம் அருமையாக வரும். கண்ணாடியில் முகம் பார்த்த கதைதான்.

பெரிய சிக்கல் இரவில். காற்று அசையாதபோது மண்ணும் மரமும் விடும் வாயு விதானத்துக்கு (மரங்களின் இலைக்கூரைக்கு) அடியில் தேங்கும். சரிவு இருந்தால் பள்ளத்துக்கு வழிந்துவிடும். உச்சிக் கருவிக்கு அது எட்டாது. சுவாசம் குறைத்துப் பதிவாக, காடு உள்ளதைவிட அதிகம் உறிஞ்சுவதாகக் கணக்கு வரும். தேங்கியதைப் பல உயரங்களில் குழாய் வைத்து அளந்து கூட்டலாம்; வழிந்தது வழிந்ததுதான். அதற்குத்தான் உராய்வு வேக வரம்பு. உராய்வு வேகம் என்பது காற்று எவ்வளவு வலுவாகக் கலங்குகிறது என்று காட்டும் எண். இரவுத் தரவை வெப்பநிலை வாரியாகப் பிரியுங்கள். உராய்வு வேகம் கூடக் கூட சுவாசமும் ஏறி, ஓரிடத்தில் சமமாகும். அதற்குக் கீழுள்ள அரைமணிகளை நீக்குங்கள். பல தளங்களில் வரம்பு வினாடிக்கு 0.1 முதல் 0.5 மீட்டருக்குள் விழும். பக்கத்துத் தளத்தின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். வரம்பைச் சற்றே ஏற்றி இறக்கினால் ஆண்டுக் கூட்டுத்தொகை எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள்.

வடிகட்டியபின் இரவில் பாதிக்கு மேல் காலியாவது சகஜம். அந்த இடைவெளிகளைச் சூத்திரத்தால் நிரப்புவார்கள். நிரப்பிய மதிப்புகளைக் கோப்பிலுள்ள தரக்குறியீடு காட்டிக்கொடுக்கும். அவற்றை வைத்து மாதிரியைத் திருத்தினால் அது நிரப்பிய சூத்திரத்தையே கற்கும்.

நிகரம் பொருந்திவிட்டது என்ற திருப்தியும் ஆபத்து. சதுர மீட்டருக்கு ஆண்டில் ஒளிச்சேர்க்கை 1500, சுவாசம் 1300 கிராம் கார்பன் என்றால் நிகரம் 200. 1900, 1700 என்றாலும் அதே 200. வறட்சி வந்தால்தான் இரண்டும் பிரியும். இலைப்பரப்பு, தண்டு வளர்ச்சி, மண் சுவாசப் பெட்டி (மண்ணின் மேல் கவிழ்த்து அது விடும் வாயுவை அளப்பது), இவற்றில் ஒன்றின் அளவீட்டையாவது சேர்த்து மாதிரியைக் கட்டுப்படுத்துங்கள்.

மாதிரியின் சோதனைக்கு அரைமணிகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்தவை ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பாதி விடை முன்பே தெரிந்திருக்கும். ஒரு முழு ஆண்டை, முடிந்தால் ஒரு முழுத் தளத்தையே ஒதுக்கி வையுங்கள். அது வறண்ட ஆண்டாக இருந்தால் இன்னும் நல்லது.