எல்இடி சூடாகாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

போன வாரம் காலை 8 மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே ஒரு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடித்து, பாலை எடுத்து ஊற்றிவிட்டு நேராக வந்திருக்கிறார். விரலிடுக்கில் பால் கறை இன்னும் காயவில்லை. வலது புருவத்துக்கு மேலே 5 ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு கொப்புளம். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் ஹெட்லைட். அதன் பின்மூடி வெல்லப்பாகு போல இளகி, எலாஸ்டிக் பட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

"எல்இடி சூடாவாதுன்னுதானே மக்களே அவன் சொன்னான்" என்றார்.

அவன் என்பது பக்கத்து வீட்டுப் பையன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். காட்டுப்பன்றி வரும் தோட்டத்தில் அக்கா தனியாக வெட்டுகிறாரே என்று, தன் கைக்காசில் எல்இடி வாங்கி மாற்றிக் கொடுத்திருக்கிறான். அவன் மனதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இலை உதிர்ந்த ஓய்வுக்குப் பிறகு வெட்டு தொடங்கியதிலிருந்து இப்படி என் மேசைக்கு வந்த ஹெட்லைட்டில் இது நான்காவது. முதல் மூன்றில் ஒன்று, சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியவரின் மெத்தையைக் கருக்கியிருந்தது. அதனால்தான் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையால், ஆறுகாணி, அந்தப் பக்கம் கேரளத்து வெள்ளறடை வரை, அதிகாலை 3 மணிக்கு மலைச்சரிவைப் பார்த்தால் மின்மினி போல விளக்குகள் நகரும். வெயில் ஏறும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அந்த நேரத்தில் வெட்டுக்காரருக்கு ஹெட்லைட் இன்னொரு கண். அதில் வெளிச்சம் போதவில்லை என்று நினைப்பது நியாயம். மாற்றிப் போடுவதும் தப்பில்லை, நானே 19 வருஷமாக மாற்றிக் கொடுக்கிறேன். எல்இடியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விடுவதுதான் தப்பு.

முதலில் இந்தச் சூட்டு விஷயம். இதை நான் கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனாலும் திரும்பவும் சொல்கிறேன்.

பழைய குண்டு பல்புக்கு முன்னால் கையைக் காட்டினால் சுடும். எல்இடிக்கு முன்னால் காட்டினால் சுடாது. இந்த ஒரு சோதனையை வைத்துத்தான் ஊரே 'எல்இடி சூடாகாது' என்று முடிவு செய்திருக்கிறது. குண்டு பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு சேர்த்து முன்பக்கமாகவே எறிந்துவிடும். எல்இடிக்கு அந்த வழி கிடையாது. அதற்குள் பிறக்கும் சூடு முன்னால் வராமல் பின்பக்கமாகத்தான் இறங்கும். சூடு இல்லாமல் இல்லை, உங்கள் கை அதற்குத் தவறான பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளை எல்இடிக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகிறது. 10 வாட் எல்இடி என்றால் 6 வாட்டுக்குக் குறையாத சூடு, மிளகு அளவுள்ள ஓர் இடத்தில். என் மேசையிலுள்ள சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் நாலில் ஒரு பங்கைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து நெற்றியில் கட்டிக்கொள்வீர்களா?

"சின்னதுதானே, காற்றில் ஆறிவிடாதா?" என்று கேட்பார்கள். ஆறாது. சூடு காற்றுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஓர் உலோகத்துக்குப் போக வேண்டும். எல்இடி உட்காரும் அலுமினியத் தகடு, அதன் அடியில் சூட்டைக் கடத்தும் மெல்லிய ஹீட் சிங்க் பேஸ்ட், அதன் அடியில் வெளியே தெரியும்படி ஓர் அலுமினிய உடம்பு. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வழி அடைபட்டுவிடும். அக்காவின் லைட்டில் தகட்டைப் பிளாஸ்டிக்கின் மேல் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். சூட்டில் இளகுகிற பசை! "மழையில் நனைகிறதே, குளிராதா?" என்பார்கள். பிளாஸ்டிக்குக்கு வெளியே மழை பெய்தால் உள்ளே இருக்கும் தகட்டுக்கு என்ன? "வீட்டில் போட்டுப் பார்த்தோமே, ஒன்றும் ஆகவில்லையே!" அரை நிமிஷம் சுவரில் அடித்து, பகல் மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அணைத்துவிட்டீர்கள். தோட்டத்தில் அது 3 மணி நேரம் எரிய வேண்டும். இன்னொன்று, சூடு ஏற ஏற எல்இடியின் வெளிச்சமே குறையும். முதல் 5 நிமிஷம் கண்ட அந்தப் பகல் அரைமணி நேரம் கழித்து இருக்காது, சூடு மட்டும் இருக்கும்.

சரி, எல்இடியை மாற்றினால் அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய லைட் 150 மில்லியாம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. கடையில் எல்லோரும் 'டி6' என்று கேட்டு வாங்கும் எல்இடி முழு வேகத்தில் 3 ஆம்பியர் இழுக்கும். டி6 என்பது எல்இடியின் பெயர்கூட இல்லை. க்ரீ கம்பெனி 2010இல் கொண்டுவந்த எக்ஸ்எம்-எல் என்ற எல்இடியை வெளிச்ச அளவு பார்த்துத் தரம் பிரித்தபோது ஒரு தரத்துக்கு வைத்த குறியீடு அது. இன்று அந்த எழுத்தை எதன் மேலும் ஒட்டி விற்கிறார்கள். போகட்டும். 2000 எம்ஏஎச் கொள்ளளவு உள்ள நல்ல செல்லே 3 ஆம்பியருக்கு 40 நிமிஷம்தான் தாங்கும். பாதி மரம் வெட்டும் முன்பே இருட்டு. உடனே "பெரிய பேட்டரி போட்டுக் குடு" என்று கிளம்புவார்கள். ஆபத்து உள்ளே நுழைவது இங்கேதான்.

சந்தையில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்த 18650 லித்தியம் செல் கிடைக்கிறது. 18650 என்பதே அதன் அளவு, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் பெயர்பெற்ற கம்பெனிகளே 3500 எம்ஏஎச் பக்கம்தான் அடைக்கிறார்கள். 9900 என்று போட்டிருந்தால் அந்த அச்சைப் பார்த்த உடனே கீழே வைத்துவிடுங்கள். தராசில் வைத்தாலும் தெரியும். நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். இந்தப் பொய்ச் செல்களில் 30 கிராமைத் தொடாததை நான் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. கரண்ட் பிளக்கில் நேரடியாகச் செருகும் மலிவு லைட்டுகளுக்குள் 4 வோல்ட் ஆசிட் பேட்டரி இருக்கும். அது செத்துப்போனதும், 'இதுவும் 4 வோல்ட், அதுவும் கிட்டத்தட்ட 4 வோல்ட்' என்று லித்தியம் செல்லை அதே இடத்தில் பற்றவைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆசிட் பேட்டரிக்கான அந்தச் சார்ஜர் 4.8 வோல்ட் வரை ஏற்றும். லித்தியம் செல்லுக்கு 4.2தான் எல்லை. அதற்கு மேல் போகப் போகச் செல் வீங்கும், கொதிக்கும், கடைசியில் வாயைத் திறந்து நெருப்பைத் துப்பும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கே கேடு. மெத்தை கருகிய கதை இதுதான். அந்த வீட்டில் 2 வயதுக் குழந்தை பக்கத்தில் படுத்திருந்தது. தாத்தாவுக்கு இருமல் வந்து அவர் விழித்துக்கொண்டதால் பிழைத்தார்கள். அதை அவர் கடையில் வந்து சொன்ன அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இத்தனை பாடும் எதற்கு? வெளிச்சம் இரண்டு மடங்கானால் இரண்டு மடங்கு தூரம் தெரியும் என்ற நம்பிக்கைக்கு. அப்படித் தெரியாது. வெளிச்சம் 2 மடங்கானால் தூரம் 1.4 மடங்குதான் கூடும். தூரம் 2 மடங்காக வேண்டுமென்றால் வெளிச்சம் 4 மடங்கு வேண்டும். தூரத்துக்கு வெளிச்சம் போவது எல்இடியை விட ரிஃப்ளெக்டரின், அதாவது எல்இடியைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணத்தின் வேலை. பெரிய எல்இடியைப் பழைய சின்னக் கிண்ணத்தில் வைத்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், பன்றி நிற்கும் இடத்துக்குப் போகாது. சின்ன எல்இடியை அகலமும் ஆழமுமான கிண்ணத்தில், சரியான குவியத்தில் வைத்துப் பாருங்கள், பாதி மின்சாரத்தில் தோட்டத்தின் அந்தக் கோடி தெரியும். எல்இடி ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினாலே நடுவில் கறுப்பு வட்டம் விழும்.

ரிஃப்ளெக்டர் மாற்றுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உள்ளே பளபளப்பது அலுமினியப் பூச்சு. அதில் விரல் வைக்காதீர்கள், வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், துடைத்த இடம் மங்கினால் மங்கியதுதான். அந்தப் பூச்சு மின்சாரமும் கடத்தும். கிண்ணத்தின் அடி விளிம்பு எல்இடியின் இரண்டு பற்றவைப்புகளையும் தொட்டால் ஷார்ட். நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று வரும், அதைத் தேவையில்லாத சாமான் என்று தூக்கிப் போட்டுவிடுகிறீர்கள். அதைப் போடாமல் மூடியைத் திருகவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பால் வெட்டு என்பது பட்டையில் கத்தி போகும் ஆழத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிற வேலை. பட்டைக்கு அடியில் மரக்கட்டையை ஒட்டி வளரும் மெல்லிய படலத்துக்கு 1 மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும், தாண்டினால் மரம் காயப்பட்டு, அடுத்து வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். அதைக் கண்டுபிடிப்பது பட்டையின் நிறத்தை வைத்துத்தான். நீலம் பாய்ந்த 6500 கெல்வின் வெள்ளையில் பட்டையின் சிவப்பும் பழுப்பும் வெளிறிப்போகும். அது போதாதென்று, ஒரு முழம் தள்ளி இருக்கும் மரத்தில் 800 லூமன் (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு) அடித்தால், வடிகிற வெள்ளைப் பாலே கண்ணைக் கூசவைக்கும். கூசிய கண்ணோடு அடுத்த மரத்துக்கு நடக்கும்போதுதான் கீழே கிடக்கும் விரியன் தெரியாமல் போகிறது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம்கூட ஆகும், ஒரு நொடிக் கூச்சத்தில் அது போய்விடும். வெட்டுக்கு 100 லூமன் தாராளம். வழியில் நடக்க மட்டும் தூரம் பாயும் வெளிச்சம் வேண்டும்.

அக்காவுக்கு நான் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். அலுமினிய உடம்புள்ள ஹெட்லைட் ஒன்று. அதில் நீலம் குறைந்த 4000 கெல்வின், நிறம் காட்டும் திறன் நூற்றுக்கு 90 உள்ள சாம்சங் எல்எச்351டி எல்இடி. எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த 7135 சிப் இரண்டு வைத்த டிரைவர், ஒரு சிப் மட்டும் ஓடும்போது 350 மில்லியாம்பியருக்கு மேல் விடாது. அதிலேயே 100 லூமனுக்கு மேல் வந்துவிடுகிறது. நடக்கும்போது கூட்டிக்கொள்ள இரண்டு சிப்பும் ஓடும் இன்னொரு நிலை, 700 மில்லியாம்பியர். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள 2500 எம்ஏஎச் செல், தலைக்குப் பின்னால். தாழ்ந்த நிலையில் 7 மணி நேரம் எரியும், இரண்டு நாள் வெட்டுக்குப் போதும். சார்ஜுக்கு 4.2 வோல்ட்டில் தானாக நிற்கும் டிபி4056 பலகை. அக்கா போட்டுப் பார்த்துவிட்டு, "மங்கலா இருக்கே மக்களே" என்றார். "ஒரு வாரம் வெட்டிப் பாருங்க அக்கா, பிடிக்கலேன்னா காசைத் திருப்பித் தாறேன்" என்றேன்.

செல்லைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். சிமென்ட் தரையிலோ ஓட்டின் மேலோ வைத்துப் போடுங்கள், பாயிலும் மெத்தையிலும் வேண்டவே வேண்டாம். பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய செல்லை நெற்றிப் பட்டையில் மாட்டாதீர்கள். ஹெட்லைட்டைப் பால் உறைய வைக்கும் கொட்டகையில் தொங்கவிடாதீர்கள், ஆசிட் ஆவியும் பாலில் சேர்க்கும் அமோனியாவும் சேர்ந்து பித்தளை முனைகளைப் பச்சையாக அரித்துவிடும். தினமும் "லைட் மினுக்குது" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் அந்தப் பச்சைதான். எரியும்போது பின்பக்கத்தைத் தொட்டால் விரலை 5 நொடி வைக்க முடியவில்லையா, உடனே கழற்றுங்கள். இனிப்பான ரசாயன வாடை வந்தால் யோசிக்கவே வேண்டாம், தூர எறிந்துவிட்டு விலகி நில்லுங்கள். தீப்பிடித்தால் தூரத்திலிருந்தே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், புகை வரும் பக்கம் நிற்காதீர்கள்.

உங்கள் வீட்டு லைட்டை யாராவது மாற்றியிருந்து, உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கொண்டுவாருங்கள். திறந்து பார்க்க நான் காசு வாங்குவதில்லை. செல் வீங்கியிருந்தால் மட்டும் அதைப் பையில் போட்டுப் பஸ்ஸில் ஏறாதீர்கள், ஆணியால் குத்தியும் பார்க்காதீர்கள். முற்றத்தில் மணல் நிரப்பிய வாளியில் வைத்துவிட்டுக் கடைக்கு ஒரு போன் பண்ணுங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே வண்டியில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.